பெயர், ஊர், வேலை

1

போன ஆடி மாதம் பொள்ளாச்சியில் ஒரு புகைப்படக் கண்காட்சி வைத்தேன். இந்த வரியை எழுதிவிட்டு எழுந்து போய் டீ போட்டுக்கொண்டு வந்து மறுபடியும் படித்துப் பார்க்கிறேன். உண்மைதான். நான்தான் வைத்தேன்.

நாங்கள் அயர்லாந்துக்கு வந்து இந்த வாரத்தோடு பதினைந்து வருடம் ஆகிறது. காலையில் இதை ஞாபகப்படுத்தினால், என் கணவர், "அப்பிடியா? கொடைய எடுத்துக்கிட்டயா?" என்று கேட்டுவிட்டு வேலைக்குக் கிளம்பிவிட்டார். இரண்டு வயதில் வந்த மகள் நிலாவுக்கு இப்போது பதினேழு. அவள் காதிலிருந்து ஒயரை எடுக்காமலே தலையாட்டினாள். ஆகவே விழாவை நானே தனியாகக் கொண்டாடுவது என்று முடிவு செய்து, ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்ததை இன்று எழுத உட்கார்ந்தேன்.

நான் பெரியநாயக்கன்பாளையத்துக்காரி. அப்பா மேட்டுப்பாளையம் ரோட்டில் லேத் பட்டறை வைத்திருந்தார். நான் படித்தது எக்ஸ்ரே எடுக்கும் படிப்பு. அதை வைத்துத்தான் இந்த ஊர் மருத்துவமனையில் வேலை கிடைத்தது. தினமும் காலையிலிருந்து மாலைவரை, "மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க" என்று ஆங்கிலத்தில் சொல்லிக்கொண்டிருப்பதுதான் என் பிழைப்பு. வந்த புதிதில், படம் எடுத்து முடிந்ததும் நோயாளியிடம், "யூ ஆர் ஃபினிஷ்ட்" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். வேலை முடிந்தது, போகலாம் என்கிற அர்த்தத்தில். ஒரு கிழவர் சட்டைப் பொத்தானைப் போட்டபடி, "எனக்கும் அந்தச் சந்தேகம் இருந்ததம்மா, ஆனா அத டாக்டரல்லவா சொல்லணும்?" என்றார். நீங்கள் தீர்ந்தீர்கள் என்றல்லவா சொல்லியிருக்கிறேன்! அன்றைக்கு அந்தத் துறையே சிரித்தது.

2

கண்காட்சி ஆசை எனக்கு எங்கே தொற்றியது என்று சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன்னால் டப்ளினில் ஒரு காட்சிக்கூடத்துக்குள் ஒதுங்கினேன். சத்தியமாக மழைக்குத்தான். உள்ளே சுவர் முழுக்க ஆள் உயரப் புகைப்படங்கள். எல்லாம் வெளிநாடுகளிலிருந்து வந்து இங்கே கூலி வேலை செய்கிறவர்கள். மீன் வெட்டுகிறவர்கள், இறைச்சிக் கூடத்தில் நிற்கிறவர்கள். ஒரு படத்தில் ஆரஞ்சு மழைக்கோட்டுப் போட்ட ஒரு மனிதர், பக்கவாட்டு வெளிச்சத்தில் நேராக என்னைப் பார்த்து நின்றார். எங்கள் ஊர் டீக்கடையில் தினமும் பார்க்கிற முகம் போல இருந்தது. நான் அசையாமல் நின்றுவிட்டேன். ஒரு புகைப்படம் ஒரு ஆளைப் பிடித்து இப்படி நிறுத்தும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

பக்கத்தில் ஒட்டியிருந்த சின்ன அட்டையைப் படித்தேன். "தலைப்பு இல்லை" என்று இருந்தது. கீழே படம் எடுத்தவரின் பெயர். அங்கே நின்ற பணியாளரிடம், "இவர் பேர் என்ன?" என்று கேட்டேன். அவர் கையிலிருந்த விவரத்தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "அது இதில் இல்லை" என்றார்.

பஸ்ஸில் வீடு வரும் வரை எனக்குப் பரபரப்பு அடங்கவில்லை. என் வேலையில் பெயர் கேட்காமல் படம் எடுத்தால் வேலை போய்விடும். விரல் எலும்பைப் படம் எடுப்பதானாலும் பெயரும் பிறந்த தேதியும் கேட்டுச் சரிபார்த்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்துவோம். முழு மனிதரைச் சுவரில் மாட்டிவிட்டுப் பெயர் போடாமல் விடுவது எப்படி என்று கணவரிடம் பொரிந்து தள்ளினேன். அவர், "அப்ப நீ எடு" என்றார். பேச்சை முடிப்பதற்காகச் சொன்னதுதான். நான் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

பழைய கேமரா ஒன்று வாங்கினேன். மாலை வகுப்பில் சேர்ந்தேன். பிறகு நம் பக்கத்து ஆட்களைத் தேடித் தேடிப் படம் எடுக்க ஆரம்பித்தேன். கோவை, திருப்பூர், ஈரோடு, பொள்ளாச்சிப் பக்கத்திலிருந்து வந்து இங்கே இருக்கிறவர்கள். வீட்டு வரவேற்பறையில் சோபாவில் உட்கார வைத்து எடுக்கவில்லை. அவரவர் வேலை செய்யும் இடத்திலேயே, வேலை உடுப்பிலேயே நிறுத்தி எடுத்தேன். தாராபுரத்துப் பெண் ஒருத்தி முதியோர் இல்லத்தில் படுக்கை விரிப்பை உதறும்போது. கோபிக்காரர் ஒருவர் பஸ் ஓட்டும் இருக்கையில். கிடங்கில் பெட்டி அடுக்குகிற அவினாசிப் பையன் பெட்டிகளுக்கு நடுவில். ஒவ்வொரு படத்தின் கீழும் பெயர், ஊர், வேலை. வேறு எதுவும் எழுதுவதில்லை என்று வைத்துக்கொண்டேன்.

அவற்றில் எனக்கு ரொம்பப் பிடித்த படம் கதிர்வேலுடையது. ஆனைமலைப் பக்கம் ஒரு தென்னந்தோப்புக் குடும்பத்துப் பையன். மேல்படிப்புக்கு வந்தான். படித்த படிப்புக்கு வேலை கிடைக்கவில்லை. இப்போது இங்கே நாங்கள் இருக்கும் ஊருக்கு வெளியே ஒரு காளான் பண்ணையில் காளான் பறிக்கிறான். நீளமான கூடம், உள்ளே அடுக்கடுக்காகத் தட்டுகள். தட்டு நிறைய வெள்ளை வெளேரென்று காளான். படத்துக்காகக் கூடத்து விளக்குகளை எல்லாம் அணைக்கச் சொல்லிவிட்டு, அவன் நெற்றியில் கட்டியிருந்த விளக்கை மட்டும் எரிய விட்டேன். அந்த வெளிச்சம் பட்ட இடத்தில் காளான்கள் பனி மாதிரி மின்னின. வெள்ளை உடுப்பும் தலையுறையுமாக அவன் நடுவில் நின்றான். கேமராவின் பின்பக்கத்தில் அந்தப் படத்தைப் பார்த்ததும் நான் கத்தியே விட்டேன். அவனும் எட்டிப் பார்த்துவிட்டு, "அக்கா, இது நானுங்களா?" என்றான்.

3

இங்கே எங்கள் ஊர் நூலகத்தில் அந்தப் படங்களைக் கொஞ்ச நாள் மாட்டி வைத்தார்கள். நல்ல பேர் கிடைத்தது. என் பள்ளித் தோழி விஜி வாட்ஸப்பில் பார்த்துவிட்டு உடனே கூப்பிட்டாள். அவள் பொள்ளாச்சியில் வாழ்க்கைப்பட்டவள். வீட்டில் தெலுங்கும் வெளியில் கொங்குத் தமிழுமாகப் பேசுகிற, ஒரு நிமிடம் சும்மா இருக்க மாட்டாத ஆள்.

"ஏண்டி மஞ்சு, இதையெல்லாம் வெள்ளைக்காரனுக்குக் காட்டி என்னடி பிரயோசனம்? இவங்க அப்பா அம்மா எல்லாம் இங்கதான இருக்கறாங்க! சந்தைக்கு எதுத்தாப்புல எங்க கொப்பரைக் கிடங்கு காலியாக் கெடக்குது. எடுத்துட்டு வா, மாட்டிப்போடலாம்."

எனக்கு அன்றைக்கு வேலையே ஓடவில்லை. வருகிற நோயாளியிடம் எல்லாம் பொள்ளாச்சியைப் பற்றிச் சொன்னேன்.

படத்தில் இருந்த ஒவ்வொருவரையும் கூப்பிட்டுச் சம்மதம் கேட்டேன். எல்லோரும் சந்தோஷமாகச் சரி என்றார்கள். கதிர்வேல் மட்டும் இழுத்தான்.

"மஞ்சுக்கா, ஊட்டுல நான் மேனேசருன்னு சொல்லி வெச்சிருக்கறேனுங்க. அந்த வேலைன்னு எழுதியிருக்கற எடத்துல மட்டும் மேனேசருன்னு போட்டுருங்களே."

"அது முடியாது கதிர். மத்தவங்க எல்லாரும் நெசத்தச் சொல்லி நிக்கறாங்க. வேண்டாம்னா படத்தையே எடுத்துடறேன், ஒண்ணும் தப்பில்ல."

"ஐயோ, படத்தை எடுக்காதீங்கக்கா. என்னை எடுத்ததுலயே அதுதான் நல்ல படம். அம்மா பாக்கோணும்."

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தோம். அவன் படத்தின் கீழ் பெயரும் ஊரும் மட்டும் இருக்கும். வேலை என்ற இடம் காலியாக இருக்கும். திறப்பு விழாவுக்கு முன்னால் அவனே வீட்டில் சொல்லிவிடுவான். சொன்னதும் எனக்குச் செய்தி அனுப்புவான், நான் எழுதிவிடுவேன்.

4

படங்களை நல்ல பருத்தித் தாளில் அச்சடித்துப் பெட்டி கட்டிக் கூரியரில் முன்னதாகவே அனுப்பினேன். நானும் நிலாவும் விடுமுறைக்கு விமானம் ஏறினோம். நாங்கள் விஜி வீட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிட்டோம். பெட்டி சென்னையில் சுங்கத்தில் நின்றுவிட்டது.

அது விற்பனைக்கா என்று கேட்டார்கள். இல்லை என்றேன். விற்பனைக்கு இல்லையென்றால் இத்தனை எதற்கு என்றார்கள். கண்காட்சி என்றேன். கண்காட்சி என்றால் எந்த நிறுவனம் என்றார்கள். விஜியின் மாமனார் கிடங்கு என்றேன். தொலைபேசியில் அந்தப் பக்கம் ஒரு பெருமூச்சு கேட்டது. ஆதாரில் இருக்கிற முகவரி வேறு, பெட்டியில் இருக்கிற முகவரி வேறு என்றார்கள். நான் வெளிநாட்டுக் குடிமகள் ஆகிவிட்டதால் இன்னொரு சான்று வேண்டும் என்றார்கள். அனுப்பினேன். அந்தச் சான்றில் என் பெயருக்குப் பின்னால் கணவர் பெயர், ஆதாரில் அப்பா பெயர். பேசியவர் மரியாதையாகத்தான் பேசினார். ஆனாலும் பெட்டி நகரவில்லை. திறப்பு விழாவுக்கு இரண்டு நாள்தான் இருந்தது. விஜி ஊரெல்லாம் சொல்லி வைத்துவிட்டாள். கதிர்வேலின் அப்பா அம்மா உட்பட எல்லாக் குடும்பத்துக்கும் தகவல் போய்விட்டது.

நான் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தேன். விஜி காரை எடுத்து வாசலில் நிறுத்தி ஹாரன் அடித்தாள். "ஏறு புள்ள. மகேசு கடைக்குப் போலாம்."

"யாரு மகேசு?"

"பிளெக்ஸ் அடிக்கறவன்."

நான் மறுத்தேன். ஃபிளெக்ஸ் என்றால் கல்யாணத்துக்கும் காதுகுத்துக்கும் தலைவர்களுக்கும் அடிப்பது. என் படங்களின் அந்த மெல்லிய கறுப்பு, காளான்களின் வெள்ளை, எல்லாம் போய்விடும் என்றேன். விஜி கண்ணாடியை இறக்கி, "அப்ப வெறும் செவுத்தையா பாத்துட்டுப் போவாங்க?" என்றாள். ஏறி உட்கார்ந்தேன்.

மகேஷ் இளைஞர். படங்களைக் கணினியில் திறந்ததும் கை பரபரவென்று வேலையை ஆரம்பித்துவிட்டது. நான் போனில் சுங்கத்தோடு பேசிவிட்டுத் திரும்பி வந்து பார்க்கிறேன், தாராபுரத்துப் பெண் வெள்ளைக்காரியாக இருந்தாள். கோபிக்காரருக்குக் கன்னத்தில் ரோஸ் நிறம். கதிர்வேலைச் சுற்றி மல்லிகைச் சரம் போட்ட ஒரு பார்டர்.

நிலாதான் முதலில் பாய்ந்தாள். "நோ! அங்கிள், அவங்க கலர் அதுதான்! திருப்பி வைங்க!"

"ஏனுங்க பாப்பா, இந்தக் கலர்லயேவா போடறது? ஊட்டுக்காரங்க வந்து என்னத் திட்டுவாங்கல்ல? இங்க எல்லாருத்துக்கும் கொஞ்சம் பிரைட் பண்ணிப்போட்டுத்தானுங்க குடுப்போம்."

"இவங்க ஏற்கெனவே அழகு" என்றாள் நிலா. அவள் சுத்தமாக ஒரு தமிழ் வாக்கியம் சொல்லி நான் கேட்டு எவ்வளவு காலம் ஆகியிருந்தது! மகேஷ் அவளைப் பார்த்தார், திரையைப் பார்த்தார், ஒவ்வொரு படமாக எல்லாவற்றையும் பழையபடி மாற்றினார். பார்டரை மட்டும் அரை மனசாகத்தான் எடுத்தார்.

இயந்திரத்திலிருந்து முதல் படம் ஈரமாக, மை வாசத்தோடு வந்து தரையில் இறங்கிற்று. கதிர்வேல். பக்கத்தில் நின்று பார்த்தால் புள்ளி புள்ளியாக ஒன்றும் தெரியவில்லை. எனக்கு அழுகை வந்தது. விஜி என் தோளைப் பிடித்துப் பின்னால் இழுத்துக்கொண்டே ரோட்டைத் தாண்டி எதிர்க்கடை வாசல் வரை கொண்டுபோய் நிறுத்தினாள். மகேஷ் படத்தைக் கடை முகப்பில் தூக்கித் தொங்கவிட்டதும், "இப்பப் பாரு" என்றாள்.

பார்த்தேன். ஒரு முழு அறை அளவுக்கு அந்த இருட்டு. அதன் நடுவில் நெற்றி விளக்கோடு அவன். டப்ளினில் மாட்டியிருந்த படங்களைவிடப் பெரிது. ரோட்டில் போன மொபெட்காரர் வண்டியை நிறுத்திக் காலை ஊன்றி, "இது என்ன படமுங்க, எப்ப ரிலீசு?" என்றார்.

5

ஆடிக் காற்று என்றால் என்ன என்பதை நான் மறந்தே போயிருந்தேன். கிடங்கின் உள்சுவர்களில் பாதியும் வெளிச் சுற்றுச்சுவரில் மீதியும் கட்டினோம். வெளியே கட்டியவை பாய்மரம் மாதிரி உப்பின. மகேஷ் ஏணியில் நின்று காற்றுப் போக ஒவ்வொன்றிலும் கத்தியால் சின்னச் சின்னப் பிறை வடிவில் வெட்டினார். என் படத்தைக் கத்தியால் கிழிப்பதை நான் கீழே நின்று, "இன்னும் கொஞ்சம் இடதுல, மூஞ்சில வேண்டாம்" என்று சொல்லிக்கொண்டே பார்த்தேன்.

சந்தை நாளில் திறந்தோம். ரிப்பன் எல்லாம் வெட்டவில்லை. மாட்டைப் பிடித்துக்கொண்டு போனவர்கள் அண்ணாந்து பார்த்து, கயிற்றை வேலியில் கட்டிவிட்டு உள்ளே வந்தார்கள். நான் போன கண்காட்சிகளில் எல்லோரும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு கிசுகிசுப்பார்கள். இங்கே சத்தமாகப் படித்தார்கள். "ஏனுங்க, அவினாசிப் பையன் பொட்டி அடுக்கறானாமா!" "பஸ்ஸோட்டறவரு நம்ம கோபிக்காரருங்க!" தாராபுரத்துப் பெண்ணின் அண்ணன் அவள் படத்துக்கு முன்னால் நின்று வருகிறவர்களை எல்லாம் வரவேற்றார். வீட்டு விசேஷத்துக்கு உறவு ஒறம்பரையை வரவேற்பது போல, "வாங்க வாங்க, என்ற தங்கச்சிங்க" என்று.

வாசலில் நிலா தன் கேமராவோடு நின்றாள். வருகிறவர்களையும் படம் எடுத்து, அவர்கள் பெயர், ஊர், வேலையை எழுதிக் கொள்வது அவள் யோசனை. முதல் ஆளாக ஒரு மாட்டு வியாபாரி கிடைத்தார். பெரிய மீசை. அவரிடம் போய் மிகுந்த பணிவோடு, "அங்கிள், உங்களைச் சுடலாமுங்களா?" என்றாள்.

அவர் ஒரு அடி பின்னால் வைத்தார். நான் ஓடிப்போய், ஆங்கிலத்தில் படம் எடுப்பதற்கும் சுடுவதற்கும் ஒரே வார்த்தை, குழந்தை அதை அப்படியே மாற்றிச் சொல்லிவிட்டாள் என்று விளக்கினேன். அவர் அதிர அதிரச் சிரித்தார். "சுடு சாமி, நல்லாச் சுடு" என்று மீசையை முறுக்கி நின்றார். அதன் பிறகு சந்தையில் இருந்து ஆட்கள் வரிசையாக வந்து, "பாப்பா, என்னையும் சுடு" என்றார்கள். நிலாவுக்கு வெட்கத்தில் முகம் சிவந்தது, ஆனால் கை நிற்கவில்லை. எங்கள் வீட்டில் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிற பெண்ணா இது என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

பதினோரு மணி வாக்கில் கதிர்வேலின் அப்பா பழனிச்சாமியும் அம்மா ராமாத்தாளும் வந்தார்கள். அவனிடமிருந்து எனக்கு எந்தச் செய்தியும் வந்திருக்கவில்லை.

ராமாத்தாள் மகனின் படத்தைத் தூரத்திலிருந்தே பார்த்துவிட்டார். நேராகப் போய் அதன் முன்னால் நின்று, கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். "ஏனுங்க, இங்க பாருங்க. டாக்டராட்ட இருக்கறானுங்க."

பழனிச்சாமி அவசரப்படவில்லை. வாசல் பக்கத்திலிருந்து ஒவ்வொரு படமாக நின்று, கீழே இருந்ததை வாய்விட்டுப் படித்துக்கொண்டே வந்தார். பஸ் ஓட்டுபவர். முதியோர் இல்லப் பணியாளர். பெட்டி அடுக்குபவர். மகனின் படத்துக்கு வந்து படித்தார். "கதிர்வேல், ஆனைமலை." குனிந்து அடுத்த வரியைத் தேடினார். பிறகு என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"ஏனுங்கம்மணி, எல்லாருத்துக்கும் வேலை எழுதியிருக்கறீங்க. என்ற பையனுக்கு மட்டும் ஏனுங்க எழுதல?"

பொய் சொல்லவும் முடியாது, அவன் சொல்ல வேண்டியதை நான் சொல்லவும் முடியாது. "அவனையே கேட்டுருங்களேன்" என்று சொல்லிவிட்டு வீடியோவில் கூப்பிட்டேன். அங்கே விடிந்து கொஞ்ச நேரம்தான் ஆகியிருக்கும். எடுத்தான். வேலைக்குக் கிளம்பி நிற்கிறான், தலையுறை கூடப் போட்டாகிவிட்டது. போனை அவர் கையில் கொடுத்துவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன்.

"கதிரு, இந்தம்மணி உன்ற வேலைய எழுத மறந்துபோட்டாங்களாட்ட இருக்குது. என்னன்னு சொல்லு, எழுதச் சொல்றேன்."

அவன் அப்பாவைப் பார்த்தான். பின்னால் தெரிந்த தன் படத்தையும் பார்த்திருப்பான்.

"காளான் பறிக்கறனுங்கப்பா."

"என்னது?"

"காளானுங்க. பறிச்சு டப்பால அடுக்கறதுங்க. மேனேசரெல்லாம் இல்லீங்க. மொதல்ல இருந்தே இதுதானுங்க."

பழனிச்சாமி போனை மனைவி கையில் வைத்தார். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய், சந்தைக் கூட்டத்தில் கலந்துவிட்டார்.

ராமாத்தாள் போனை முகத்துக்கு ரொம்பப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். "ஏங்கண்ணு, அத எதுக்கு இருட்டுல பறிக்கோணும்? கைய வெட்டிக்க மாட்டயா? எட்டாத தட்டுக்கு எப்பிடி ஏறுவே?" என்று கேட்டுக்கொண்டே போனார். அவன் ஒவ்வொன்றுக்கும் பதில் சொன்னான். குரல் முதலில் உடைந்தது, பிறகு தெளிந்தது. போனை என்னிடம் திருப்பித் தரும்போது அவர், "அவிய அப்பிடித்தானுங்க. நீங்க வெசனப்படாதீங்க" என்றார். ஆனால் அவர் கண்ணும் வாசல் பக்கமே இருந்தது.

6

மறுநாளெல்லாம் கூட்டம் நெரிந்தது. கோயமுத்தூரிலிருந்து கல்லூரிப் பிள்ளைகள் பஸ் பிடித்து வந்தார்கள். அவர்களில் ஒரு பெண் ஃபிளெக்ஸில் அடித்ததே ஒரு துணிச்சலான கலைத் தீர்மானம் என்று பேசினாள். விஜி என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். நான் சுங்கத்தைப் பற்றி வாயைத் திறக்கவில்லை.

இத்தனை உற்சாகத்துக்கு நடுவிலும் அந்தத் துண்டு உதறலை என்னால் மறக்க முடியவில்லை. என் படம் ஒரு வீட்டுக்குள் போய் உடைத்துவிட்டதோ என்று நினைத்தேன். கதிர்வேல் அனுப்பிய செய்தியில், "அப்பா போனை எடுக்கறதில்லீங்க" என்று மட்டும் இருந்தது. படத்தை இறக்கிவிடலாமா என்று கேட்டேன். "வேண்டாமுங்கக்கா, இருக்கட்டும்" என்றான்.

கடைசி நாள் மத்தியானம் பழனிச்சாமி வந்தார். தேய்த்த வெள்ளைச் சட்டை. கூடவே ராமாத்தாளும், ஒரு வேன் நிறைய அவர்கள் ஊர்க்காரர்களும். அவர் யாரையும் பார்க்காமல் நேராக நிலாவிடம் போனார்.

"பாப்பா, நீதான படம் எடுக்கறது?"

நிலாவுக்கு அவர் யாரென்று தெரியும். "ஆமாங்க. உங்களைப் படம் எடுத்துக்கலாமுங்களா?" என்று இந்த முறை சரியாகக் கேட்டாள்.

"எடு. கீழ வேலைன்னு என்ன எழுதுவே?"

"விவசாயி?"

"அது வேண்டாம். தேங்காய் பறிக்க ஆள் தேடுபவர்னு எழுது சாமி."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை. நேராகக் கேமராவைப் பார்த்து நின்றார். நிலா எடுத்தாள். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அம்மணி, தேங்கா போட ஆளில்லாம நான் சந்தை சந்தையாத் திரியறேன். மரத்துப் பக்கமே வரமாட்டேன், படிக்கோணும்னு சொல்லிப்போட்டுத்தான் அவன் பிளேன் ஏறுனான். சரி, பெரிய வேலைக்குப் போறான்னு நானும் ஊருல நெஞ்ச நிமித்திச் சொன்னேன். கடைசீல பாத்தா அங்கயும் பறிக்கற வேலைதானுங்களா? பறிக்கறதுன்னா இங்கயே பறிச்சிருக்கலாமுல்ல?"

பதினைந்து வருடமாக என்னையே நான் கேட்டுக்கொள்கிற கேள்வியின் இன்னொரு வடிவம்தான் அது. எக்ஸ்ரே எடுப்பதென்றால் கோயமுத்தூரில் எடுக்க ஆஸ்பத்திரியா இல்லை?

"எனக்கும் தெரியலீங்க. ஆனா, அவன் அங்க சந்தோசமாத்தான் இருக்கறானுங்க. உங்ககிட்ட ஒளிச்சு வெச்சதுதான் அவனுக்குப் பாரமா இருந்துதுங்க" என்றேன்.

அவர் மகன் படத்துக்கு முன்னால் போனார். "படம் நல்லாத்தான் இருக்குது" என்றார். பிறகு நிலா கையில் இருந்த மார்க்கரைக் கேட்டு வாங்கினார். குனிந்து, அந்தக் காலி இடத்தில், ஒவ்வொரு எழுத்தாக அழுத்தி எழுதினார். காளான் பறிப்பவர். எழுத்து கொஞ்சம் மேலே ஏறிக் கோணலாகப் போயிற்று. நிமிர்ந்து தன் ஊர்க்காரர்களைப் பார்த்து, "வாங்க, என்ற பையன் இதுதான்" என்றார். வேனில் வந்தவர்கள் அத்தனை பேரும் படத்தைச் சூழ்ந்துகொண்டார்கள்.

நிலா எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டே இருந்தாள். நான் ஒரு படம் கூட எடுக்கவில்லை. கண்ணில் நீர் மறைத்தது.

7

கண்காட்சி முடிந்ததும் ஒவ்வொரு குடும்பமும் அவரவர் படத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோனது. தாராபுரத்து அண்ணன் ஆட்டோவின் மேலே கட்டிக்கொண்டு போனார். பழனிச்சாமி தோளில் வைத்துக்கொண்டு நடந்தே பஸ் நிறுத்தத்துக்குப் போனார், வேனில் இடமில்லை என்று. எல்லாம் காலியான மறுநாள் காலையில், சுங்கம் விடுவித்த என் பெட்டி கிடங்கு வாசலில் வந்து இறங்கியது. பருத்தித் தாளில் அச்சடித்த படங்கள் கசங்காமல், அழகாக, யாரும் பார்க்காமல் இருந்தன. விஜி அவற்றைக் கோயமுத்தூரில் ஒரு கல்லூரியில் மாட்டப் பேசிக்கொண்டிருக்கிறாள். "ஆனா பிளெக்ஸ் மாதிரி வராதுடி" என்கிறாள்.

நிலா இப்போது பொள்ளாச்சியில் எடுத்த முகங்களை இங்கே தன் பள்ளிக்கூடச் சுவரில் மாட்ட அனுமதி கேட்டிருக்கிறாள். பெயர்களைத் தமிழில் எழுதித் தரச் சொல்லி என்னிடம் வருகிறாள். நான் எழுதிக் கொடுப்பதில்லை. அவளையே எழுதச் சொல்கிறேன். ழகரத்தில் சுழி எந்தப் பக்கம் என்று சண்டை நடக்கிறது. வீட்டில் நல்ல சத்தம்.

போன வாரம் வேலை முடிந்து காரில் உட்கார்ந்திருந்தபோது கதிர்வேல் ஒரு புகைப்படத்தை அனுப்பினான். ராமாத்தாள் போனில் எடுத்து அவனுக்கு அனுப்பியதாம். தோப்புக் களத்தில் கொப்பரை காயப் போட்டிருக்கிறார்கள். மேற்கே இருட்டிக்கொண்டு தூறல் விழுந்திருக்கிறது. குவியலின் மேல், நனையாமல் இருக்க, ஃபிளெக்ஸை விரித்து நான்கு மூலையிலும் கல் வைத்திருக்கிறார்கள். படம் மேல் பக்கம் பார்க்க விரித்திருக்கிறார்கள். நெற்றி விளக்கோடு கதிர்வேல் மழையில் மல்லாந்து கிடக்கிறான். அவன் மேல் தண்ணீர் வழிந்து ஓடுகிறது. பக்கத்தில் பழனிச்சாமி தலையில் துண்டோடு, காற்றுக்குத் தூக்கிக்கொண்ட ஒரு ஓரத்தைக் காலால் மிதித்துக்கொண்டு நிற்கிறார்.

கலைப் படைப்பு என்று எத்தனை பேர் சொன்ன படம் அது! உடனே அவனைக் கூப்பிட்டேன். மனசு சங்கடப்பட்டிருப்பானோ என்று பயந்தேன். எடுத்ததும் அவன் சிரித்துக்கொண்டிருந்தான். மூச்சு முட்டச் சிரித்தான்.

"பாத்தீங்களாக்கா? எங்கப்பா கடைசீல என்னையத் தோப்பு வேலைக்கு வெச்சுப்போட்டாருங்க!"